சுவரை ஒட்டி ஒரு ஜெனரேட்டர்

ஆம்பூரில் தேவிகாவின் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்குச் சந்து. அதற்கு அந்தப் பக்கம் ஷூ கம்பெனியின் மதில். அந்தக் கம்பெனியில்தான் அவள் ஷூவின் மேல்பாகம் தைக்கிறாள். மற்றப் பெண்கள் பேரணாம்பட்டிலிருந்தும் மாதனூரிலிருந்தும் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். அவள் மட்டும் நடந்தே போவாள். சாப்பாட்டு மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடி வந்து ஓடிப் போக முடியும் என்பதற்காகவே இந்த வேலையைப் பிடித்தாள்.

வீட்டில் கட்டிலில் அவள் கணவர் ராமலிங்கம் கிடந்தார். தோல் பதனிடும் டேனரியில், தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் ஓட்டிக்கொண்டிருந்த மனிதர். ஒருநாள் வேலையிலேயே சாய்ந்தார். வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வலது கையும் காலும் வரவில்லை, குரலும் பாதிதான் வந்தது. முன்பு தெருமுனையில் நின்று பேசினால் வீட்டுக்குள் கேட்கும். இப்போது பக்கத்தில் போய்க் காதைக் கொடுக்க வேண்டும். ஒரே மகள் பூர்ணிமா கல்யாணமாகி வாலாஜாபேட்டையில் இருந்தாள். தேவிகா கம்பெனியில் இருக்கும் நேரத்தில் பக்கத்து வீட்டு ரஃபத் ஜஹான் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்ப்பார். ஓய்வு பெற்ற டீச்சர். வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவர்.

இப்படியே போயிருக்கும். கம்பெனிக்குப் புதிதாக ஆர்டர் வந்தது, இரண்டு தையல் லைன் கூட்டினார்கள். கோடையில் கரண்ட் அடிக்கடி போனது. முன்பக்கம் இருந்த சின்ன ஜெனரேட்டர் தாங்கவில்லை. லாரியில் பெரிதாக ஒன்றைக் கொண்டுவந்து, காலியாகக் கிடந்த பின்பக்கத்தில், மதிலை ஒட்டி சிமென்ட் மேடை போட்டு உட்கார வைத்தார்கள். முதலில் ஓட்ட ஆரம்பித்தார்கள், அப்புறம்தான் நகராட்சியில் அனுமதி கேட்டார்கள்.

அது ஓடும்போது அலமாரியில் இருக்கும் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கும். டீசல் நாற்றம் சோற்றில் ஏறியது. தேவிகா அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டிரம்மும் தோலும் ரசாயனமுமாகத்தான் அவள் வயது முழுக்கக் கழிந்திருந்தது.

ஒரு சாயங்காலம் அவள் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சுட்டு முடித்து, தட்டில் இரண்டை வைத்து எடுத்துப் போனால் ராமலிங்கம் கட்டிலுக்குக் கீழே தரையில் கிடந்தார். தண்ணீர்ச் சொம்பை எடுக்கப் போய்ச் சரிந்திருக்கிறார். அடி ஒன்றும் பெரிதாக இல்லை. வேட்டி நனைந்திருந்தது. அவள் அவரைத் தூக்கி உட்கார வைத்தபோது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"கூப்ட்டேன்," என்றார்.

"கேக்கலங்க."

"ரொம்ப நேரம் கூப்ட்டேன்."

அவள் வேட்டியை மாற்றிவிட்டாள். மறுநாள் கம்பெனியில் கழித்துப் போட்ட ஷூ லேஸ்களைக் கேட்டு வாங்கிவந்து ஒன்றோடொன்று முடிந்தாள். ஒரு நுனியை அவருடைய இடது மணிக்கட்டில் கட்டினாள். மறுநுனியைச் சமைக்கும்போது தன் கையில் கட்டிக்கொண்டாள். அவர் இழுத்தால் போவாள். ராமலிங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. "மாட்டக் கட்னாப்ல," என்றார். ஆனாலும் அவிழ்க்கவில்லை.

ரஃபத் ஜஹான் தெருவில் வீடு வீடாகப் போய், இந்த இடத்தில் ஜெனரேட்டருக்கு அனுமதி தரக் கூடாது என்று ஆட்சேபணை மனுவில் கையெழுத்து வாங்கினார். தேவிகாவிடமும் வந்தார்.

"டீச்சர், நான் போட்டா நாளைக்கு வேலைக்குப் போவ முடியாது," என்றாள் தேவிகா.

"தெரியும்மா. நீ போட வாணாம். ஆபீசர் பாக்க வர்றப்ப வீட்ல இரு, அது போதும்."

இரண்டு நாள் கழித்துக் கம்பெனி மேனேஜர் கோபிநாத் கூப்பிட்டு அனுப்பினார். ஆட்சேபணை இல்லை என்று எழுதிய தாளை மேசையில் வைத்தார். கெட்ட மனிதர் இல்லை. ராமலிங்கத்துக்குக் காய்ச்சல் கண்ட அன்று லீவு கேட்காமல் வீட்டுக்குப் போனவளை ஒரு வார்த்தை சொல்லாதவர்.

"மதிலுக்குப் பக்கத்து வீடு உங்க வீடுதான். நீங்க சரின்னா நகராட்சிக்காரங்களும் சரின்னுடுவாங்க. கரண்ட் இல்லாம லைன் நின்னா ஆர்டர் போயிடும். அப்புறம் எனக்கும் வேல இல்ல, உங்களுக்கும் இல்ல."

"புரியுது சார்."

"அப்ப இன்னா யோசன?"

"வீட்டுக்காரர ஒரு வார்த்த கேட்டுட்டு வர்றேன் சார்."

அவள் கேட்கவுமில்லை, திரும்பிப் போகவுமில்லை. இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடாமல் அந்த மாதத்தை ஓட்டினாள். லைனில் உட்கார்ந்தால் மேனேஜர் பார்ப்பாரோ என்று குனிந்திருப்பாள், தெருவில் நடந்தால் ஜன்னல்களைப் பார்க்காமல் நடப்பாள். இரண்டு இடத்திலும் அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுவே அவளை அசதியாக்கியது.

நகரமைப்பு ஆய்வாளர் சத்தம் அளக்கும் கருவியோடு ஒரு உதவியாளரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கோபிநாத்தும் கூட வந்தார். ஜெனரேட்டர் உறுமலே இல்லாமல் மெதுவாக ஓடியது.

"உள்ள மிஷின் எதுவும் ஓடலியே சார்," என்றார் ரஃபத் ஜஹான். "எல்லாத்தையும் போடச் சொல்லுங்க, அப்பறம் அளங்க."

ஆய்வாளர் கோபிநாத்தைப் பார்த்தார். கோபிநாத் போனில் ஏதோ சொன்னார். கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்க அந்தச் சத்தம் வந்து நின்றது. உதவியாளர் கருவியைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். ஆய்வாளர் தேவிகாவின் பக்கம் திரும்பி வாயசைத்தார். தொந்தரவு இருக்கிறதா என்றுதான் கேட்டிருக்க வேண்டும். பக்கத்தில் கோபிநாத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தேவிகா உள்ளே வரும்படி கையைக் காட்டினாள். ஆய்வாளரைச் சமையலறை வாசலில் நிற்க வைத்துவிட்டு, கட்டிலுக்குப் போய்க் கணவரின் காதில் குனிந்தாள்.

"என்னைக் கூப்புடுங்க."

"எதுக்கு?"

"சும்மா கூப்புடுங்க."

வெளி ஆள் நிற்பதைப் பார்த்து அவருக்கு வெட்கமாக இருந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் தோளைத் தொட்டதும் திரும்பி, கழுத்து நரம்பு புடைக்க, தேவிகா, தேவிகா என்று கூப்பிட்டார். சமையலறை வாசலில் நின்ற ஆய்வாளருக்கு வாய் அசைவது மட்டும் தெரிந்தது. அவருக்குப் பின்னால் நின்ற கோபிநாத்தும் பார்த்தார். யாரும் கேட்காமல் அவரே போன் செய்து ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னார்.

சத்தம் அடங்கியதும் ஆய்வாளர் கேட்டார்: "எத்தினி நாளா இப்டி?"

"ரெண்டு வருஷம் ஆச்சு சார், ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து."

"இல்லம்மா, ஜெனரேட்டரக் கேட்டேன்."

"அதுவா," என்றாள் தேவிகா. விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. கோப்பு இந்த அலுவலகத்திலிருந்து அந்த அலுவலகத்துக்குப் போனதாகவும் திரும்பி வந்ததாகவும் ரஃபத் ஜஹான் சொல்லுவார். அவருமே போய்ப் போய்க் களைத்திருந்தார். மழை வந்து போனது. மணிக்கட்டில் லேஸ் உரசி உரசி ராமலிங்கத்துக்குத் தோல் கறுத்துவிட்டது.

ஒருவழியாக உத்தரவு வந்தது. பின்பக்கத்துக்கு அனுமதி இல்லை. தையல் கூடத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில், சத்தத்தை அடக்கும் கூண்டுக்குள் வைக்கலாம். புகைக்குழாய் கூரைக்கு மேலே போக வேண்டும். கிரேன் வந்து தூக்கிப் போனதைத் தெருவே நின்று பார்த்தது. ராமலிங்கம் ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

கூண்டு போட்டும் தையல் கூடத்துப் பக்கம் அதிர்வு இருந்தது. சுவரோரம் இருந்த தையல் மெஷினில் உட்கார யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. கோபிநாத் தேவிகாவைக் கூப்பிட்டார்.

"உங்களுக்குத்தான் பழக்கமாச்சே."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. ஆள் கிடைக்காத அலுப்புதான். அவள் சரி என்றாள். கதவுக்குப் பக்கம் என்பதால் சாப்பாட்டு மணிக்கு முதலில் வெளியே போகலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

புது இடத்தில் உட்கார்ந்த அன்று காலையிலிருந்தே கரண்ட் இல்லாமல் ஜெனரேட்டர் ஓடியது. மதியம் வீட்டுக்கு வந்து சோறு போட்டுக் கொடுத்துவிட்டு, சமையலறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் காலி மேடைப் பக்கம் காக்கை ஒன்று கரைவது கேட்டது. அவள் காதுக்குள் மட்டும் காலையிலிருந்து கேட்ட இரைச்சல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கண் செருகியது.

"தேவிகா."

"ம்?"

"கொயம்புல உப்பு ஜாஸ்தி."

அவர் இரண்டாம் தடவை சொன்னபோதுதான் அவளுக்குச் சரியாகக் கேட்டது. எழுந்து போய், அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுப் பிசைந்து கொடுத்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டாள்.