அக்கா அமராத இணைச்சீர்

பெருந்துறைக் கல்யாண மண்டபத்தின் மேடையில் இணைச்சீர் நடந்துகொண்டிருந்தது. அதில் அமர்ந்திருக்க வேண்டிய அக்கா, கீழே சாப்பாட்டுக் கூடத்தில் இலை போடுகிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். தாலி கட்டுவதற்கு முன், மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் மணப்பெண்ணைப் போலவே பட்டும் நகையும் அணிந்து அவனுக்கு இணையாக இருக்கும் சீர் அது. மாப்பிள்ளை அக்காவின் ஒரே தம்பி. மேடையிலோ சித்தி மகள், மெலிந்தவள், அமர்ந்திருந்தாள். நாதஸ்வரம் உயர்ந்தபோது அக்கா ஒருகணம் மேலே பார்த்தார். பிறகு, "ஏனுங்க, அந்தப் பந்திக்குத் தண்ணி வெக்கலீங்களா?" என்று யாரையோ கேட்டபடி நகர்ந்துவிட்டார்.

நான் கோவையில் ஒரு மருத்துவமனையில், உடல் எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களுக்கு மனநல ஆலோசகராக இருக்கிறேன். கணபதிப் பகுதியிலிருந்து அங்கே சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்த அந்த அக்கா என்னைவிட வெகுவாக மூத்தவர். அவர் அழைத்துத்தான் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். கல்யாணத்துக்குள் அறுவை முடிந்துவிடும் என்று வீட்டார் நம்பியிருந்தனர். சர்க்கரை கட்டுக்குள் வராததால் மருத்துவர் தள்ளிவைத்தார். அது சரியான முடிவே. ஆனால் முகூர்த்தம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

"வீடியோவுல காலத்துக்கும் நிக்குமல்ல கண்ணு, சின்னவ உக்காரட்டுமே" என்று அவருடைய அம்மா சொன்னாராம். அக்கா அதை என்னிடம் கலகலப்பாகவே விவரித்தார். "நா மணையில உக்காந்தா மாப்பிள்ளையத் தேடோணும்னு நானே சொல்லிச் சிரிச்சுப்போட்டனுங்க அம்மணி. நாஞ் சிரிச்சதும் சரின்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க."

பிறர் கேலி செய்வதற்குள் தன்னைத் தானே கேலி செய்துகொள்ளப் பள்ளி நாள்களிலேயே பழகியவர். அந்தச் சிரிப்பை வீடு சம்மதமாக எடுத்துக்கொண்டது.

"ஆசையா இருக்குதுன்னு அம்மாகிட்டச் சொல்லலாமுங்களே அக்கா" என்றேன்.

"அழுதா எம்பட மூஞ்சி அவங்களுக்கு அடையாளமே தெரியாதுங்க."

அறுவை அவருக்குத் தேவைதான். அதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆயினும் அதற்கு முந்தைய அந்த நீண்ட மாதங்களில் ஒரு மனிதருக்கு என்ன நேர்கிறது என்பதை நாங்கள் போதுமான அளவு யோசித்ததாகத் தோன்றவில்லை. புதுச் சேலை, குடும்பப் படம், கோயில் பயணம் என எல்லாவற்றுக்கும் வீட்டில் "அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்கள். அவையெல்லாம் இனி வரப்போகும் ஒருத்திக்காக எடுத்துவைக்கப்பட்டன. இருந்தவரிடமும் அன்பாகத்தான் பேசினார்கள், வழியனுப்ப வந்தவர்கள் பேசுவதைப் போல.

அறுவை முடிந்து வெகுநாள் கழித்து, சென்ற மாதம் பரிசோதனைக்கு வந்திருந்தார். அவர் கூப்பிட்ட பிறகே யாரென்று தெரிந்தது. மூச்சிரைக்காமல் மாடியேறி வந்ததில் அவருக்கு உண்மையான மகிழ்ச்சி. தம்பி குழந்தைக்குக் காதுகுத்து என்று பத்திரிகை நீட்டினார். வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப எதுக்கும் என்னையத்தானுங்க முன்னால நிறுத்தறாங்க. நானும் நிக்கறேன். ஆனா அம்மணி, எந்தம்பியத் தூக்கி வளத்துனவ அந்தக் குண்டுப் பொம்பளதானுங்க. அவளை ஒருத்தருமே மேடைக்குக் கூப்பிடலீங்களே."