பொதுவான தலைவர்

சவரியம்மாவுக்கு மூக்கு நுனியில் கோபம் என்று லயத்து வீட்டு வரிசையில் எல்லோரும் சொல்வார்கள். பொய். அவளுக்கு நாக்கு நுனியில்தான் கோபம். மூக்குவரை ஏற அவள் எங்கே விட்டுவைத்தாள்? தேயிலைக் கொழுந்து நிறுக்கையில் கழிவு கூடப் பிடிக்கிற கணக்கப்பிள்ளைக்கு ஏச்சு. சாக்கடைக் கானில் குப்பை கொட்டுகிறவர்களுக்கு ஏச்சு. கோயிலில் உட்கார்ந்து செல்போனை நோண்டுகிற வாலிபர்களுக்கு இரண்டு மடங்கு ஏச்சு. கஹவத்தைப் பக்கத்து மலைத் தோட்டம் ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேலாகக் கொழுந்து பறித்தவள், புருஷனைப் பறிகொடுத்தவள், யாருக்கு அவள் பயப்பட வேண்டும்?

அந்தத் தோட்டத்தில் சின்னதாக ஓர் அந்தோனியார் கோயில் உண்டு. பங்குக் கோயில் கீழே, பஸ் ஏறிப் போக வேண்டிய தூரத்தில். அங்கே பூசை, பிரசங்கம், பாட்டு எல்லாம் சிங்களத்தில். சிங்களம் சவரியம்மாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மரக்கறிக்காரனிடம் அதில்தான் விலை பேசுவாள், பஸ் கண்டக்டரிடம் அதில்தான் சண்டை போடுவாள். ஆனால் புருஷன் சூசையைப் புதைத்த அன்றைக்குக் குழியருகே சிங்களத்தில் ஜெபம் மளமளவென்று ஓடியபோது, எந்த இடத்தில் அழுவது என்று தெரியாமல் கட்டை மாதிரி நின்றாள். அந்த வயிற்றெரிச்சல் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம்தான் தியாக்கோன் மதுசன் வந்தான். குருப்பட்டத்துக்கு இன்னும் ஒரு படி பாக்கி. மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை. தோட்டத்துச் சனம் அவனைச் சின்னசாமி என்றது. ஞாயிறுதோறும் மலையேறி வந்து தமிழில் ஜெபம் நடத்தினான். கோயில் நிறைந்தது. ஆனால் அவன் சீக்கிரம் போய்விடுவான். அவன் போனபின் ஜெபத்தை எடுத்து நடத்தத் தோட்டத்தில் ஆள் இல்லாவிட்டால், ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலைப் பூட்டிவிட்டு எல்லோரும் கீழே வரவேண்டியதுதான் என்று பங்குச்சாமி சொல்லியிருந்தார். சவரியம்மாவுக்கு அதைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை.

ஒரு ஞாயிறு ஜெபம் முடிந்ததும் மதுசன் அறிவித்தான்: "ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு பொதுநிலைத் தலைவர் வேணும். வாற ஞாயிறு காலமை எனக்கு வேற தோட்டத்தில ஜெபம். நீங்களே கூடி ஒராளைத் தெரிவு செய்து வையுங்கோ. பின்னேரம் வந்து பாக்கிறன்."

சாமியாரோ கன்னியாஸ்திரியோ அல்லாத சாதாரண விசுவாசிகளைப் பொதுநிலையினர் என்று குருமடத்தில் சொல்லிக்கொடுப்பார்கள். லயத்தில் யார் கண்டார்கள்? பொது என்றால் எல்லாருக்கும் பொது. தலைவர் என்றால் தோட்டத்தில் ஒரே ஆள்தான்: தொழிற்சங்கத் தலைவர் ராமச்சந்திரன். மாரியம்மன் திருவிழாவில் தேருக்கு முன்னால் அவர், கிறிஸ்து பிறந்த நத்தார் விழா மேடையில் மாலையோடு அவர். அவரைவிடப் பொதுவான ஆள் உண்டா? ஒரு கை பாக்கியில்லாமல் தூக்கி அவரைத் தெரிவு செய்துவிட்டார்கள். மாரியம்மனைக் கும்பிடுகிற மனுஷர், வேதத்துக்காரரே இல்லையே என்று ஒரு மண்டைக்காவது உறைக்க வேண்டுமே! உறைக்கவில்லை.

அன்றைக்குச் சவரியம்மா, கடன் நெருக்கியதால், கைக்காசுக்கு, அதாவது ஞாயிற்றுக்கிழமைக் கூலிக்கு, கொழுந்து பறிக்கப் போயிருந்தாள். பின்னேரம் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் பக்கத்து வீட்டுச் சுமித்ரா வந்து சந்தோஷமாகச் சொன்னாள்.

"அக்கா, நம்ம கோயிலுக்குத் தலைவர் போட்டாச்சு."

"யாரடீ போட்டீங்க?"

"நம்ம தலைவரத்தான். ராமச்சந்திரன் அண்ணன். சின்னசாமி பொதுவான ஆளத்தானே கேட்டாரு?"

சவரியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கூடையைப் போட்டது போட்டபடி கோயிலுக்கு ஓடினாள். அங்கே ராமச்சந்திரன் மாலையும் கழுத்துமாக, கூரைக்குப் புதுத் தகரம் வாங்கித் தருவது தன் பொறுப்பு என்று முழங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மதுசன் பேயறைந்தவன் மாதிரி நின்றான்.

"அண்ணே, தகரம் இருக்கட்டும். ஞாயித்துக்கெழம பைபிள் வாசிச்சு ஜெபம் வைப்பீங்களா?" என்றாள் சவரியம்மா.

"அதெல்லாம் சாமிமாரு பாத்துக்குவாங்க, தங்கச்சி. நான் தலைவர் மட்டும்தானே?"

"கேட்டீங்களா லட்சணத்த!" சனத்தின் பக்கம் திரும்பினாள். "கோயில பூட்டப் போறாங்க. ஒங்களுக்கு மால போட ஆளு கெடச்சாப் போதும், இல்ல? மூளைய மலையிலேயே வச்சுட்டு வந்தீங்களா?" உடனே மதுசனிடம் பாய்ந்தாள். "நீங்களும்தான் சாமி! பொதுநிலையாம், கிதுநிலையாம். நான் இல்லாத நாள்ல யாரு ஜெபம் வைப்பீங்கன்னு நேராக் கேட்டிருந்தா வாயா வலிச்சிருக்கும்?"

மதுசனின் முகம் சிவந்துபோயிற்று. "பிழை என்ரதான் அம்மா. இப்ப கேக்கிறன். நான் இல்லாத நாளில ஆர் ஜெபம் வைப்பீங்கள்?"

ராமச்சந்திரன் மாலையைக் கழற்றிக்கொண்டு மெல்ல நழுவினார். காலையில் தூக்கிய கைகள் எல்லாம் இப்போது மடியில் கிடந்தன. கடைசியில் செல்லத்துரை, கோயிலில் பாட்டுப் பாடுகிறவர், இழுத்து இழுத்துச் சொன்னார்: "சவரியம்மா வைக்கலாம். ஆனா ஏசுமே, சாமி."

"ஏசட்டும். வேற ஆரும் இருக்கினமா?"

இல்லை. பயத்தை வெளியே காட்டுகிற பழக்கம் சவரியம்மாவுக்கு இல்லாததால், "வச்சுத் தொலைக்கிறேன்" என்று கத்தினாள்.

அந்தச் சின்னசாமிப் பையன் அவளைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஞாயிறானால் அவளை முன்னால் நிறுத்திவிட்டுக் கடைசி வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்துகொள்வான். அவள் தடுமாறினால் கோயிலே அவனைத் திரும்பிப் பார்க்கும். அவன் கூரையைப் பார்ப்பான். அவளுக்கு ரத்தம் கொதிக்கும். அந்தக் கொதிப்பில் தானாகவே அடுத்த வரி வந்துவிடும். "சனத்தையும் வாசிக்க விடுங்கோ, எல்லாத்தையும் நீங்களே செய்யாதேங்கோ" என்று வேறு சொன்னான். சுமித்ராவைத் திட்டித்திட்டி வாசிக்க வைத்தாள். மன்றாட்டு வேளையில் சனத்திடம் ஆளுக்கொரு மன்றாட்டுக் கேட்டாள், மூச்! மதுசன் குருப்பட்டத்துக்குக் கிளம்பிப் போனபின்னும் அப்படித்தான். எல்லாரும் வருவார்கள், இருப்பார்கள், அவள் மட்டும் கத்துவாள். "செவுத்துக்கு ஜெபம் வைக்கிறேன்" என்று வீட்டில் வந்து புலம்புவாள்.

அதற்கடுத்த மாதம் பங்குச்சாமி பூசைக்கு மலையேறி வந்தார். வயதான சிங்களக் குருவானவர், கெட்டவர் இல்லை, அலைந்து களைத்தவர், எல்லாரும் ஒரே இடத்தில் கூடினால் தேவலை என்று நினைத்தவர். பூசை முடிவில் சவரியம்மாவைப் பாராட்டினார். அப்புறம், வருகிற ஞாயிறு முதல் எல்லாத் தோட்டத்தாரும் கீழேயே வந்துவிடலாம், பஸ் ஏற்பாடாகிவிட்டது, இனி இங்கே தனி ஜெபம் தேவையில்லை என்றார்.

சவரியம்மா எழுந்து சிங்களத்திலேயே சொன்னாள்: "பெரிய திருநாளுக்கு வர்றோம், ஃபாதர். மத்த ஞாயிறு இங்கதான் ஜெபம். கோயிலப் பூட்ட விடமாட்டோம்."

சாமியார் கண்ணாடிக்கு மேலாகக் கோயிலை ஒருதரம் பார்த்தார். "கவுத கிவ்வே?" என்றார். யார் சொன்னது?

நான் என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். இந்த ஊமைக் கூட்டத்தை நம்பினால் ஆகுமா?

"அப்பி" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். நாங்கள். செல்லத்துரை எழுந்து நின்றிருந்தார். "அப்பி, ஃபாதர்" என்று சுமித்ரா எழுந்தாள். அப்புறம் யார் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாது. வாங்குகள் தரையில் கரகரவென்று இழுபட, கிழவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் வாலிபர்களும், "அப்பி, அப்பி" என்று கோயில் முழுக்க எழுந்து நின்றது.

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "ஹரி" என்றார். சரி, பஸ் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றார்.

சவரியம்மா அவரைக் கவனிக்கவேயில்லை. சனத்தின் பக்கம் திரும்பி இடுப்பில் கையை ஊன்றி நின்றாள்.

"இத்தன வாயி இருந்துச்சா இங்க? என்னைய ஒத்தையாக் கத்த விட்டுட்டு, இத்தன நாளா எங்கடா வச்சிருந்தீங்க?"