முந்திரிக்காட்டில் திக்கிய மணி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், பிசாசு, காத்து கருப்பு எதையும் நம்பினவள் இல்லை நான். முச்சந்தியில் யாரோ சுற்றிப் போட்ட எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கழுவி, சாறு பிழிந்து குடித்துவிட்டு, "உப்புத்தான் கொஞ்சம் கம்மி" என்று சொன்னவள். அதனால் இதைக் கேட்டு உங்களுக்குச் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

எங்கள் ஊர் ஆண்டிமடத்துக்குப் பக்கம். என் வீட்டுக்காரர் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். பலகையில்தான் அவர் பெயர், பஞ்சர் ஒட்டுவது, வீல் கோட்டம் எடுப்பது, செயின் மாற்றுவது எல்லாம் பாதிக்குமேல் என் கைதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதே வேலை என்பதால் காது பழகிப்போயிற்று, தெருவில் மணிச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்காமலே இது யார் சைக்கிள் என்று சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் பத்தாவதோடு சரி. அதற்குமேல் படிக்க வேண்டுமென்றால் டவுனுக்குப் போக வேண்டும். பஸ் ஒன்று விடியலில் வரும், அடுத்தது பள்ளிக்கூட மணி அடித்து முடிந்தபிறகு வரும். அதனால் ஏழு பெண்பிள்ளைகள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். ரோட்டில் சிமெண்ட் லாரி ஒன்றன்பின் ஒன்றாகப் பறக்கும். மூன்று வருஷத்துக்கு முன்பு, மாசி மாதம், அதில் ஒரு லாரி வெண்ணிலா என்கிற பிள்ளையின் சைக்கிளை உரசிவிட்டுப் போயிற்று. பிள்ளை பள்ளத்தில் விழுந்து முழங்கைச் சிராய்ப்போடு தப்பித்தது, ஹேண்டில்பார்தான் ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்துவிட்டது.

அந்தச் சைக்கிளை வெண்ணிலாவின் அப்பா செல்வராசு அண்ணன் கடையில் கொண்டுவந்து போட்டார்.

"சரிபண்ணி யாருக்காச்சும் வித்துடு தனம். படிப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம். புள்ள உசுரோட இருந்தா போதும்."

மற்ற ஆறு வீட்டிலும் அதே பேச்சுதான். வெண்ணிலா கடை வாசலில் நின்றுகொண்டு வளைந்த ஹேண்டிலையே பார்த்தது. அழக்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னையும் எட்டாவதோடு இப்படித்தான் நிறுத்தினார்கள், அப்போது நானும் அழவில்லை.

"அண்ணே, லாரியே வராத வழி ஒண்ணு இருக்கு. முந்திரிக்காட்டுக்குள்ளாற. தார் ரோட்ட மிதிக்காம ஏரிக்கரையில ஏறி, பள்ளிக்கூடத்துப் பின்கேட்டுக்கே போயிடலாம்."

"காட்டுக்குள்ள சைக்கிளா? நீ வேற."

"நான் போயிருக்கேன்ண்ணே. ஒரே ஒரு நாள் புள்ளைங்கள என்கூட அனுப்புங்க. ஒம்பதேகால் மணி அடிக்கிறதுக்குள்ள கொண்டுபோய்ச் சேத்துடுறேன். முடியலன்னா நானே அந்தச் சைக்கிள வித்துத் தரேன்."

"கேட்டுல நான் நிப்பேன். மணி அடிச்சிட்டா அவ்வளவுதான், பேச்சு கிடையாது" என்று சொல்லிவிட்டு மொபெட்டை உதைத்துக் கிளம்பினார்.

நான் சொன்னது பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் எனக்கு அந்தக் காட்டில் சைக்கிள் ஓட்டுவதுதான் சினிமா, டிராமா எல்லாம். செம்மண் மேட்டில் ஏறி மூச்சு வாங்கி, அந்தப் பக்கம் காலைத் தூக்கிக்கொண்டு ஓடைவரை சறுக்கினால், நாற்பது வயது என்பதே மறந்துபோகும். மார்கழியிலேயே வழி முழுக்கத் திருப்பத்துக்குத் திருப்பம் மரத்தில் சுண்ணாம்பால் கோடு இழுத்து வைத்திருந்தேன். ஆனால் ஒரு முட்டாள்தனம் செய்திருந்தேன் பாருங்கள், எங்கள் பக்கத்து ஆட்கள் யார் கேட்டாலும் தலையில் அடித்துக்கொள்வார்கள். மாசியில் முந்திரிக்காட்டைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் என்ன செய்வார்கள்? கொட்டை விழுந்தால் தெரிய வேண்டுமென்று மரத்தடி முழுக்கச் சருகைக் கூட்டி வீட்டு வாசல் மாதிரி ஆக்கிவிடுவார்கள். வழிகளில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிடுவார்கள். இந்த மரம் உன்னது, அந்த மரம் என்னது என்று அடையாளத்துக்குச் சுண்ணாம்பும் அடிப்பார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். வாய்ச்சவடாலில் மறந்துவிட்டேன்.

மற்ற ஆறு வீட்டிலும் ஒரு நாளைக்குச் சரி என்றார்கள், மறுநாள் காலை ஏழேமுக்காலுக்குக் கிளம்பினோம். வெண்ணிலாவின் ஹேண்டிலை ராத்திரியே நிமிர்த்திக் கொடுத்திருந்தேன், என் சைக்கிளுக்கும் புது மணி பூட்டியிருந்தேன். ஓடை தாண்டும்வரை பாட்டும் கூத்துமாகத்தான் போனது. அடுத்த மேட்டில் ஏறிப் பெரிய பலாமரத்தடிக்கு வந்து பார்த்தால், நம்பினால் நம்புங்கள், கண்ணுக்கெட்டிய தூரம்வரை எல்லா மரத்திலும் சுண்ணாம்புக் கோடு. தடமே இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரிக் கூட்டிய செம்மண், ஒரே மாதிரி மரம். இடது பக்கம் போனோம், முள். வலது பக்கம் போனோம், அங்கேயும் முள். திரும்பி வந்தால் மறுபடி அதே பலாமரம்.

"அக்கா, மணி எட்டரை ஆவப்போவுது" என்றது வெண்ணிலா.

"தெரியும்டி, நில்லு" என்றேன். ஏழு பிள்ளைகளின் படிப்பு, என் வாயை நம்பி அந்த மரத்தடியில் நிற்கிறது. எனக்கு என்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அப்போதுதான் இன்னொரு விஷயம் ஞாபகம் வந்தது. கொட்டை விழுகிற காலத்தில் எங்கள் காட்டுக்குள் போகிறவர்கள் சத்தமில்லாமல் போகக் கூடாது. நடந்து போகிறவர் குரல் கொடுக்க வேண்டும், சைக்கிளில் போகிறவர் மணி அடிக்க வேண்டும். காவல்காரரோ, உள்ளே இருக்கிற வேறு யாரோ பதில் கொடுப்பார்கள். வாயை மூடிக்கொண்டு போனால் கொட்டை திருட வந்தவன் என்று அர்த்தம். காவலுக்கு இருக்கும் கோவிந்தன் எங்கேயாவது இருப்பார், வழி கேட்டுக்கொள்ளலாம் என்று புது மணியை மூன்று தடவை அழுத்தினேன். ட்ரிங், ட்ரிங், ட்ரிங்.

பதில் வந்தது. கிழக்கே மரங்களுக்கு உள்ளேயிருந்து ஒரு சைக்கிள் மணி. இரண்டு தடவை சுத்தமாக அடித்தது, மூன்றாவது தடவை திக்கியது. ட்ரிங், ட்ரிங், ட்ர்ர்க்.

காது உடனே கணக்குப் போட்டுவிட்டது. உள்ளே இருக்கும் பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்திருக்கிறது. எங்கள் ஊரில் அப்படி ஒரு மணி கிடையாது. அக்கம்பக்கத்து ஊரிலும் கிடையாது, இருந்தால் என்னிடம்தானே ரிப்பேருக்கு வர வேண்டும்? ஆனால் அதை யோசிக்க நேரமில்லை.

"அந்தச் சத்தத்துப் பின்னாடியே வாங்கடி" என்று மிதித்தேன்.

நான் அடிப்பேன், அது பதில் அடிக்கும். திருப்பம் வந்தால் நாங்கள் திரும்ப வேண்டிய பக்கத்திலிருந்தே கேட்கும். கிட்டே வராது, எட்டவும் போகாது. ஐந்து இடத்தில் முள் அடைப்பு வந்தது, ஐந்து இடத்திலும் முள் ஒரு சைக்கிள் போகிற அகலத்துக்கு ஒதுக்கிக் கிடந்தது. புண்ணியவான் நமக்காக ஒதுக்கிக்கொண்டே போகிறார் என்று சந்தோஷமாக இருந்தேன், மூன்றாவது அடைப்பில் குனிந்து தரையைப் பார்க்கிறவரைக்கும். துடைப்பம் போட்ட கோடுகூடக் கலையாமல் இருந்தது மண். எனக்கு முன்னால் அதில் ஒரு டயர் தடம் இல்லை, ஒரு காலடி இல்லை.

பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஏழும் ஏழு திக்கில் ஓடியிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு மணியை அடித்தேன். ட்ரிங், ட்ரிங், ட்ர்ர்க் என்று முன்னால் அது கூப்பிட்டது. என்னவாக இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும், ஒன்பதேகாலுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும் என்று மிதித்தேன்.

காடு முடிந்தது, ஏரிக்கரை வந்தது, மணிச் சத்தமும் நின்றது. கரைமேல் ஏறினால் எதிரே பள்ளிக்கூடக் கட்டடம். பின்கேட்டில் மொபெட்டில் சாய்ந்தபடி செல்வராசு அண்ணன். எட்டுப் பேரும் ஒன்றாக மணியை அடித்துக்கொண்டு கரையிலிருந்து இறங்கினோம் பாருங்கள், அடடா! பள்ளிக்கூடமே ஜன்னலுக்கு வந்துவிட்டது. உள்ளே இன்னும் மணி அடிக்கவில்லை, ஐந்து நிமிஷம் பாக்கி. வெண்ணிலா தன் அப்பாவைப் பார்த்து ஒற்றைக் கையை விட்டு ஓட்டிக் காட்டியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டால் துடைத்தார்.

"புழுதி" என்றார் என்னிடம்.

"ஆமாண்ணே, இந்தப் பக்கம் புழுதி ஜாஸ்தி" என்றேன் நான். விடுவேனா?

சாயங்காலமே காவல்காரர் கோவிந்தன் கடைக்கு வந்துவிட்டார்.

"யாரு தனம் முள்ள ஒதுக்குனது? அஞ்சு எடத்துலயும் அளவெடுத்த மாரி ஒதுக்கியிருக்கு."

"நீங்கதானேண்ணே? மணி அடிச்சி வழி காட்டுனீங்களே?"

"நானா? குத்தகைக்காரரு வூட்டுக் காரியம்னு காவலாளுங்க அத்தன பேரும் விடியமுன்னயே போயிட்டோம். காட்டுல ஒரு ஈ காக்கா கிடையாது. எனக்கு ஏது சைக்கிளு?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அன்றைக்கு ஜெயித்தது நான்தான், அதில் சந்தேகமில்லை. செல்வராசு அண்ணனே குத்தகைக்காரர்களிடம் நின்று பேசி, முந்திரிக் காலத்திலும் ஒரு சைக்கிள் அகலத்துக்கு வழிவிட வைத்தார். சுண்ணாம்புக்குப் பதில் நீலப் பெயிண்டில் அம்புக்குறி போட்டேன். இப்போது மூன்று ஊர்ப் பிள்ளைகள் அந்த வழியில் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள், கங்கைகொண்ட சோழபுரம்வரைக்கும் காட்டு வழியாகவே கூட்டிப்போய்க் கோபுரத்தைக் காட்டுகிறேன். வெண்ணிலா காலேஜில் சேர்ந்துவிட்டாள். லாரிக்காரன் ஹாரன் அடித்தால் அது எங்கள் பிள்ளைகளுக்கு எங்கேயோ தூரத்தில் கேட்கிறது, அவ்வளவுதான்.

இத்தோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன்.

போன தை மாதம் என் சைக்கிளின் மணி, அன்றைக்குப் பூட்டிய அதே மணி, கழன்று விழுந்து அடிபட்டது. எடுத்து அழுத்திப் பார்த்தேன். ட்ரிங், ட்ரிங், ட்ர்ர்க். முந்திரிக்காட்டில் கேட்ட அதே திக்கல். மூடியைத் திருகிப் பார்த்தேன், பல்சக்கரத்தில் ஒரு பல் இல்லை.

அடுத்த மாதம், மாசியில், ஒரு காலை வேளை தனியாக அந்த வழியில் போனேன். ஒதுக்கிவிட்டிருந்த வழியில் மறுபடி முள் கிடந்தது, அம்புக்குறி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. புதுக் குத்தகைக்காரன் எவனோ வேலையைக் காட்டிவிட்டான் என்று திட்டிக்கொண்டே இறங்கி, ஒரு சைக்கிள் அகலத்துக்கு முள்ளை ஒதுக்கினேன். அப்போது எனக்குப் பின்னால், பலாமரத்துப் பக்கம், ஒரு மணி அடித்தது. மூன்று தடவை, சுத்தமாக, புத்தம்புது மணி. அந்த மணியை எனக்குத் தெரியும். நானே பூட்டியதல்லவா? அதோடு சின்னதாக ஒரு பெண்பிள்ளைக் குரல், வார்த்தை புரியவில்லை.

காட்டுக்குள் மணி கேட்டால் பதில் அடிக்க வேண்டும், அது எங்கள் வழக்கம். யோசிக்கும் முன்பே கை அடித்துவிட்டது. அப்புறம் நிற்கவில்லை, அடித்துக்கொண்டும் முள்ளை ஒதுக்கிக்கொண்டும் முன்னால் போனேன், ஐந்து இடத்திலும். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஏரிக்கரைக்கு வந்துதான் பார்த்தேன். யாரும் வரவில்லை. கூட்டிய செம்மண் வெயிலில் பளிச்சென்று கிடந்தது. நான் இத்தனை தூரம் சைக்கிளில் வந்த வழி அது. அதில் என் டயர் தடம்கூட இல்லை.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன், முள்ளும் இல்லை, நீல அம்புக்குறியெல்லாம் அதது இடத்தில் இருந்தது.

என் வீட்டுக்காரர் தினமும் கத்துகிறார். "மெக்கானிக் வூட்டு மணியே திக்குது, ஊரு சிரிக்குது. அஞ்சு நிமிச வேல, மாத்தித் தொலையேன்" என்கிறார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மாற்றிவிட்டால், ஏழு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தப் பலாமரத்தடியில் வழி தெரியாமல் நிற்கிறவளுக்கு யார் பதில் அடிப்பது?