நான் பார்க்காத மைனஸ் பதினெட்டு

இரண்டு வருடங்களுக்கு முன், சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மதியம் நடந்தது இது. தூத்துக்குடி துறைமுகத்தை ஒட்டிய ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. உறைந்த இறால் ஏற்றிய கன்டெய்னர்கள் கப்பலேறும்வரை, உள்ளே குளிர் மைனஸ் பதினெட்டில் நிற்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு.

என் மேனேஜருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. அரை மணிக்கு ஒருதரம் வாட்ஸ்அப்பில் ‘இப்ப எவ்வளவு?’ என்று கேட்பார். இரண்டு நிமிடம் தாமதித்தால் போனே வந்துவிடும். கழிப்பறையிலிருந்துகூட பதில் சொல்லியிருக்கிறேன். என் மனைவி என்னை இவ்வளவு தேடியதில்லை. எரிச்சலில் ஒரு வழி கண்டுபிடித்தேன். காலையில் ஒருமுறை பார்ப்பது, பிறகு நிழலில் உட்கார்ந்தபடி 18.1, 18.3 என்று மனதில் தோன்றியதை அனுப்புவது. புள்ளிக்குப் பின்னால் மாற்றி மாற்றிப் போடும் என் திறமையில் எனக்குப் பெருமை வேறு.

அன்று சோற்றில் குழம்பை ஊற்றிய நேரம் கேள்வி வந்தது. இடது கையால் ‘மைனஸ் 18.2’ என்று தட்டினேன். அடுத்த நொடி ஒரு போட்டோ வந்தது. கன்டெய்னரின் டிஸ்ப்ளே, ஒரு எண்கூட எரியவில்லை. மனிதர் அதன் முன்னால் நின்றுகொண்டுதான் கேட்டிருக்கிறார்.

ஓடினேன். தொப்பை முன்னால் ஓட, நான் பின்னால். பிளக் கழன்று தரையில் கிடந்தது. எப்போது கழன்றது? இறால் இளகியிருந்தால் மொத்தச் சரக்கும் குப்பை, கூடவே என் வேலையும். மேனேஜர் என் பழைய மெசேஜ்களைப் பார்த்தார்.

“பன்னெண்டரைக்கு 18.3 இருந்திருக்கு. அப்போ கழன்டு அரை மணிதான் இருக்கும். ஏத்திரலாம்.”

தலையை ஆட்டினால் தப்பித்தேன். ஆட்டத்தான் பார்த்தேன். அந்த இறாலை எங்கோ தின்னப்போகும் குழந்தையின் வயிறு நினைவுக்கு வந்து தொலைத்தது.

“சார், காலைல ஒம்பது மணிக்குப் பொறவு நான் பாக்கவே இல்ல.”

அவர் டெக்னீஷியனைக் கூப்பிட்டார். குளிரின் அளவு பதிவாகியிருக்கும் கன்டெய்னரின் மெமரியை டெக்னீஷியன் எடுத்துப் பார்க்கும்வரை, அந்த வெயிலிலும் என் உடம்புதான் மைனஸ் பதினெட்டில் இருந்தது. கடைசியில், கழன்று இருபது நிமிடம்தான் ஆகியிருந்தது. சரக்கு தப்பியது.

மேனேஜர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

“பாக்கலன்னா பாக்கலன்னு போடுங்க அண்ணாச்சி. நீங்க அனுப்புத நம்பர நம்பித்தான நான் கையெழுத்துப் போடுதேன்.”

இன்றும் அரை மணிக்கு ஒருதரம் கேட்கிறார், நானும் முனகிக்கொண்டுதான் எழுந்து போகிறேன். என்னை நம்பாமல் குடைகிறார் என்று நினைத்த மனிதர், நான் சும்மா தட்டிய ஒவ்வொரு எண்ணையும் அப்படியே நம்பியிருக்கிறார் என்பது மட்டும் இன்னும் குத்திக்கொண்டே இருக்கிறது.