போர்செட்டில் ஒரு விலா எலும்பு

எங்கள் வீட்டு ஆண்கள் பன்றிக்கறியைக் கறி என்று சொல்லமாட்டார்கள். மருந்து என்பார்கள். மூலச்சூட்டுக்கு நல்லதாம். கொழுந்தனார் சிட்னியிலிருந்து லீவில் வந்தால் போதும், என் கணவர் முதல் பங்காளிகள் வரை எல்லோருக்கும் மூலம் முற்றிவிடும். கல்யாணமான நாளாக, வயலில் மோட்டார் ஓடும் போர்செட்டில் அடுப்பு மூட்டி நான்தான் ஆக்கிப் போடுகிறேன். ஒரு துண்டு வாயில் வைத்ததில்லை. பெண்கள் தின்னக் கூடாதாம். யார் வைத்த சட்டமோ!

போன தை அறுப்பு முடிந்ததும் கொழுந்தனார் வந்தார். விலா எலும்பைப் புகையிலேயே வேகவைக்க வேண்டும் என்று, எண்ணெய் டிரம் ஒன்றை வெல்டிங் பட்டறையில் அடுப்பாக அறுத்துக் கொண்டுவந்தார். மற்ற வேலைக்கு அண்ணி இருக்கிறாளே! செய்கிறேன், இந்தத் தடவை நானும் தின்பேன் என்று மனதுக்குள் முடிவுகட்டினேன்.

வயலில் போர்செட் தொட்டியோரம் உட்கார்ந்தேன். எலும்புப் பக்கம் ஒரு சவ்வு இருக்கிறது. உரிக்காவிட்டால் மசாலா இறங்காது. கத்தி முனையால் ஓரத்தைக் கிளப்பி, வழுக்காமலிருக்கப் பழைய துண்டால் பிடித்து இழுத்தேன். கைப்பழக்கத்தில் மஞ்சள்தூளை எடுத்ததும் கொழுந்தனார் அலறினார். உப்பு, மிளகு, மிளகாய்த்தூள், நாட்டுச்சர்க்கரை மட்டும் தடவினேன். ஃபிரிட்ஜில் வைத்தால் மாமியார் வீட்டையே கழுவிவிடுவார். ஐஸ் போட்ட மீன் பெட்டியில் வைத்தேன்.

மறுநாள் காலையில் டிரம்முக்குள் காய்ந்த மாமர விறகை மூட்டி, தீ எழும்பாமல் பார்த்துக்கொண்டதும் நான்தான். அவர்கள் பாட்டிலோடு சீட்டாடினார்கள்.

மத்தியானம் தாண்டித்தான் கறி பதமானது. இலை போட்டார்கள். எனக்கு இலை இல்லை.

“அண்ணி, சூப்பர்!” என்றார் கொழுந்தனார், வாய் நிறைய.

“எனக்கு?” என்று கேட்டேன்.

என் கணவர் சிரித்தார். “உனக்குத்தான் வீட்ல சாம்பார் இருக்குல்ல?”

உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவர் இலையிலிருந்தே ஒரு விலாவை எடுத்து நின்றபடி கடித்தேன். அவ்வளவு ருசி. அதுதான் கோபத்தை இன்னும் கிளப்பியது. இத்தனை வருஷம் இதையா எனக்குத் தராமல் தின்றார்கள்! சப்பிப் போட்டுவிட்டு இன்னொன்றும் எடுத்தேன்.

கிளம்பும்போது கணவர் மெல்லச் சொன்னார். “தலைக்குக் குளிச்சிட்டு வீட்டுக்குள்ள போ.”

“நீங்கல்லாம் என்னைக்காவது குளிச்சிட்டு உள்ள வந்திருக்கீங்களா?”

நான் கையை மட்டும் கழுவிக்கொண்டு வரப்பில் நடந்து, முன்வாசல் வழியாகவே உள்ளே போனேன். அன்று நான் குளிக்கவில்லை.