சரவணன் கையில் புதுசு, என் கையில் பழசு

கல்யாண போட்டோகிராபர் முகூர்த்தத்துக்கு முதல் ஆளாக வர வேண்டும், பந்தியில் கடைசி ஆளாக உட்கார வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் நிற்கிறவன் கையில் போன மாதம் வந்த கேமராவும் நம் கையில் பன்னிரண்டு வருசத்துக் கேமராவும் இருந்தால் வயிற்றில் என்ன செய்யும் என்பது, செகண்ட் ஹேண்ட் கேமராவில் பிழைக்கிற உங்களுக்குத்தான் தெரியும்.

பெட்டி இல்லாமல் வந்தது

பழங்காநத்தத்தில் என் ஸ்டுடியோவுக்கு நாலு கடை தள்ளி சரவணன் ஸ்டுடியோ திறந்தான். வேறு யாருமில்லை, என் மனைவி செல்வியின் தம்பி. வந்த வேகத்தில் கடன் போட்டுப் புதுசாக, கைக்கு அடக்கமான ஒரு மிரர்லெஸ் கேமரா எடுத்தான். நான் கணக்குப் பார்க்கிற ஆள். ஒரு பத்திரிகைக்காரர் வைத்திருந்த பழைய பெரிய கேமராவை வாங்கினேன். அவன் வெறும் கேமராவுக்குக் கொடுத்த காசில் எனக்குக் கேமரா, இரண்டு லென்ஸ், ஒரு ஃபிளாஷ் எல்லாம் வந்தன. படத்தை ஆல்பத்தில் போட்டால் எது புதுசு, எது பழசு என்று எந்த மாமியாராலும் சொல்ல முடியாது.

இதையெல்லாம் விலாவாரியாகச் செல்வியிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "எல்லாஞ் சரிதாங்க. எந்தம்பி வாங்குனது பெட்டியோட வந்துச்சு. ஒங்களுது துணிப்பையில வந்திருக்கு."

கொட்டாம்பட்டி காதணி விழா

கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு காதணி விழா. பிள்ளையின் அப்பா வீட்டுக்கு நான், தாய்மாமன் வீட்டுக்குச் சரவணன். வீட்டுக்காரர் எங்கள் இருவர் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, பெரிய கேமராவ வீட்டுல வச்சுட்டு வந்துட்டியா?" என்று சரவணனைக் கேட்டார். அன்று நான் நடந்த நடை எனக்கே அதிகமாகத் தெரிந்தது.

ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளை தலையை அப்படியும் இப்படியும் ஆட்டி அலறியது. நான் ஃபோகஸ் பிடிப்பதற்குள் இரண்டு காதும் குத்தி முடித்துவிட்டார்கள். சரவணனின் கேமரா பிள்ளையின் கண்ணைத் தானாகப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடியது. படத்தில் கண்ணீர் சொட்டுகூடத் தெரிந்தது. வீட்டுக்காரர் இரண்டையும் பார்த்துவிட்டு என் தோளில் கை போட்டார்: "சின்னது வெரசா இருக்குண்ணே. ஒங்களுதுல சத்தந்தான் அம்புட்டும்."

வெயிலில் ஒரு வேண்டுதல்

சித்திரை வெயிலில் ஒரு கல்யாண ஜோடிக்கு அவுட்டோர் ஷூட். சரவணனுக்கு வந்த ஆர்டர். என்னை இரண்டாவது ஆளாகக் கூப்பிட்டிருந்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது, 'இவன் கேமரா இன்றைக்குக் கவிழ்ந்துவிட வேண்டும்' என்று மனதார வேண்டிக்கொண்டேதான் போனேன்.

பதினோரு மணிக்குச் சாமி காது கொடுத்துவிட்டது. வீடியோ எடுத்து எடுத்துச் சூடேறி அவன் கேமரா அணைந்தே போனது. என் பழசுக்கு வெயிலும் ஒன்று, நிழலும் ஒன்று. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் போனேன். கல்யாணப் பெண் தன் துப்பட்டாவால் சரவணனின் கேமராவுக்கு விசிறிக்கொண்டே சொன்னாள்: "அண்ணே, அது ரெஸ்ட் எடுக்குது. அதுவரைக்கும் நீங்க எடுங்க."

மூக்கையா அண்ணன் வீட்டுக் கல்யாணம்

என் வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக நாலு கடை தள்ளிப் போய்விட்டார்கள். மிச்சமிருந்த பெரிய வீடு அரிசிக்கடை மூக்கையா அண்ணன் வீடுதான். நாலு பெண்களில் மூத்த இருவர் கல்யாணமும் நான் எடுத்தது. மூன்றாவது கல்யாணம் மாட்டுத்தாவணிக்குப் பக்கத்து மண்டபத்தில். இதில் கோட்டை விட்டால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். மாப்பிள்ளை வீட்டார் அழைத்து வந்த போட்டோகிராபர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மணமக்களுக்குப் பின்னால் ஒரு ஓரமாகச் சரவணன், முன்னால் நான். என் கேமராவில் ஃபோகஸ் புள்ளியைக் கட்டைவிரலால்தான் நகர்த்த வேண்டும்; அது நிற்கிற இடம்தான் படத்தில் தெளிவாக விழும். தாலித் தட்டு சபையைச் சுற்றி வருவதற்குள், அவன் கையில் இருப்பது இன்னும் புது மாடலோ என்று ஒரு சந்தேகம். புள்ளியை அவன் மேல் வைத்துப் பார்த்தேன். புது மாடலேதான். வயிறு எரிந்துகொண்டிருக்கும்போதே கெட்டிமேளம் கொட்டிவிட்டது. விரல் பழக்கத்தில் அமுக்கித் தள்ளியது.

அட்சதை மழை ஓய்ந்ததும் திரையைப் பார்த்தேன். பதினோரு படம். பதினொன்றிலும் தாலி கட்டுகிற கைகள் முன்னால் கலங்கிக் கிடந்தன. பின்னால் சரவணன் அச்சடித்த மாதிரி நின்றான், நெற்றி வியர்வை உட்பட. கேமராவைக் குறை சொல்லவே முடியாது, வைத்த இடத்தில் கச்சிதமாகப் பிடித்திருந்தது.

எனக்கு வேறு வழியில்லை, அவனிடமே போய்க் காட்டினேன். சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் என் லேப்டாப்பை வாங்கி, தான் எடுத்த தாலிப் படங்கள் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தான். "இது ஒங்க படம் மச்சான். யாருட்டயும் சொல்ல மாட்டேன்" என்றான். கேமராதான் என்னுடையதைவிட நல்லது என்றால் குணமுமா? அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

போகும்போது தயங்கி நின்றான். "இத்தன நாளா ஊரையெல்லாம் எடுக்குறேன் மச்சான். என்னைய இம்புட்டு நல்லா யாரும் எடுத்ததில்ல. அந்தப் படத்த மட்டும் எனக்கு அனுப்புங்க."

ஆல்பம் கொடுக்கப் போன அன்று மூக்கையா அண்ணன் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, ஒரு படத்தில் மட்டும் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் கையைப் பிடித்துச் சொன்னார்: "மத்ததெல்லாம் கெடக்கட்டும்யா, தாலி கட்டுறத எடுத்திருக்க பாரு, அது ஒன்னாலதான் முடியும். கடைசிப் பொண்ணு கல்யாணமும் ஒனக்குத்தான்."

பழைய கேமரா வாங்கப் போகிற நண்பர்களே, லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா, பேட்டரி நிற்கிறதா என்று எதை வேண்டுமானாலும் உற்றுப் பாருங்கள், மச்சினன் கையில் என்ன இருக்கிறது என்பதைத் தவிர.