பெருங்குடியில் எல்லாரும் மாரி

யுத்த காலத்தில் அரிசி ரேஷன் வந்தபோது, மயிலாப்பூரில் இருந்த ஒரு ஆபீஸில் நான் என்யூமரேட்டராகச் சேர்ந்தேன். வீடு வீடாகப் போய்ப் பெயர், வயது, ஜாதி, தொழில் எழுத வேண்டும். எனக்கு முதலில் கிடைத்த கிராமம் பெருங்குடி. அப்போது அங்கே ஏரியும் வயலும்தான். சைக்கிளில் போனேன்.

முதலியார் தெருவில் முதல் வீட்டுக்காரர் தன் பெயர் மாரி என்றார். மனைவியும் மாரி, மகன்களும் மாரி. அடுத்த வீட்டிலும் அப்படியே. ஏரிக்கரை வண்ணார் வீடுகளிலும் அதே பதில். சேரியிலும் மாரி. ஒரு தெருக்காரர் இன்னொரு தெருவில் செருப்போடு நடக்க முடியாத ஊரில் அத்தனை பேருக்கும் ஒரே பெயர். யாரும் சிரிக்கவில்லை. வாசல்தோறும் வேப்பிலை செருகியிருந்தது.

கடைசியாக நாயக்கர் தெரு. ஒரு வீட்டில் தனியாக இருந்த பெண்ணும் மாரி என்றாள். புருஷன் ரங்கூனுக்குப் போனவர், குண்டு விழுந்த பிறகு தகவலே இல்லை, செத்துவிட்டதாகவே வைத்துக்கொண்டோம் என்றாள். ஏன் எல்லாருக்கும் ஒரே பெயர் என்று பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டேன்.

"ஊர்ல அம்மா வந்துகீறா, சார்," என்றார் மெதுவாக. "செத்ததுங்க குரல்ல பேர் சொல்லிக் கூப்புடுறா. பதில் குடுத்தவங்க யாரும் எழுந்துக்கல. அதான் எல்லாரும் அவ பேரையே வெச்சிக்கினோம். உங்க பேரையும் இங்க சொல்லாதீங்க."

அவர் சொல்லி முடிக்கவில்லை. தெருக்கோடியில் ஒரு குரல்.

"தனம்... ஏ தனம்..."

நல்ல மத்தியான வெயில். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. பெரியவரும் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார். தெருவில் நான் மட்டும்.

எலும்பும் தோலுமாக, தாடியோடு, கிழிந்த மிலிட்டரி கோட்டில் ஒருவர் வந்து அந்தப் பெண்ணின் வாசலில் நின்றார். மறுபடி கூப்பிட்டார். கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. பதில் மட்டும் வரவில்லை.

எனக்கும் சந்தேகம் வந்தது. அவர் காலடியைப் பார்த்தேன். நிழல் விழுந்திருந்தது. என் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினேன். மடமடவென்று குடித்தார். ரங்கூனிலிருந்து காட்டு வழியாக நடந்து வந்ததாகவும், அஸ்ஸாம் ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்ததாகவும் சொன்னார். ஊர் நிலைமையை அவருக்கு விளக்கிவிட்டுக் கதவருகே போனேன்.

"அம்மா, இவர் தண்ணி குடிச்சார். உசுரோடதான் இருக்கார்."

 பிறகு உள்ளிருந்து கேட்டாள்: "யாரு நீ? உன் பேரு இன்னா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்துச் சொன்னார்: "மாரி."

தாழ் விலகியது. தனம் அழவில்லை. அவர் முகத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே கூட்டிப் போனாள்.

ஆபீஸில் ஹெட்கிளார்க் அந்தோணி சார் என் பேப்பர்களைப் புரட்டினார். "என்னய்யா இது, ஊரே ஒரே ஆளா? அம்மை இறங்கட்டும். போய் மறுபடி எழுதிட்டு வா," என்றார்.

போனேன். வேப்பிலையை எடுத்திருந்தார்கள். முதலியார் தெரு முதல் சேரி வரை எல்லாரும் அவரவர் பெயரைச் சொன்னார்கள். தனமும் சொன்னாள். அவள் கணவர் மட்டும் மாரி என்றார்.

"சொந்தப் பேரைச் சொல்லுங்க. இப்பதான் பயமில்லையே," என்றேன்.

"அந்தப் பேர்க்காரன் காட்டுலயே பூட்டான், சார். கூட நடந்து வந்து செத்தவங்க அந்தப் பேர சொல்லித்தான் இன்னும் கூப்டுக்கினு கீறாங்க."

தனம் அவரைத் திருத்தவில்லை. வாசலைப் பார்த்தபடி நின்றாள். நான் மாரி என்றே எழுதிக்கொண்டேன்.

கணக்கெடுக்கப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: அவர்கள் சொல்கிற பெயரை எழுதுங்கள். அதற்கு மேல் கேட்காதீர்கள்.